படை கொடுத்த கவசம் எனக்குப் பொருந்தவில்லை. சொந்தக் காசில் வாங்கலாமா?

ராணுவத்தில் பணிபுரியும் ஒரு சகோதரி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யார் என்று காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 26. காலாட்படைப் பிரிவில் நான்காவது வருடம். உயரம் ஐந்து அடி ஒரு அங்குலம். இன்னும் பத்து வாரத்தில் ஆபத்தான பகுதி ஒன்றில் பணிக்குப் போக வேண்டும். படை கொடுத்த குண்டு துளைக்காத உடையில் முன்பக்கத் தகடு, உட்கார்ந்தால் தொடையில் இடிக்கிறது. குப்புறப் படுத்துத் துப்பாக்கியைக் குறி பார்த்தால் பின்பக்கத் தகடு ஹெல்மெட்டைத் தள்ள, ஹெல்மெட் கொண்டையோடு சேர்ந்து கண்ணை மறைக்கிறது. பூட்ஸ் ஆண்களுக்கான அச்சில் செய்தது. குதிகால் உள்ளே நழுவி நழுவிக் கொப்புளம். இரண்டு மாதமாகச் சுமையோடு நடக்கும்போது வலது இடுப்பின் உள்பக்கம், தொடை சேரும் இடத்தில் வலி. பூட்ஸ்தான் காரணம் என்று நினைக்கிறார். சக வீரர் ஒருவரின் உறவினர் 'லெவல் 4, பாதி எடை' என்று சொல்லி ஒரு கவச உடை விற்கிறார். அதோடு மூன்று டூர்னிகே (ரத்தப்போக்கை நிறுத்தக் கை காலில் இறுக்கிக் கட்டும் பட்டை), வியர்வையை உறிஞ்சும் இறுக்கமான பனியன்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்தால் சேமிப்பு கிட்டத்தட்டக் காலி.

அவர் கேட்பவை: 'இதையெல்லாம் வாங்கலாமா? சொந்த உடை போட்டு எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டுக்கு வரவேண்டிய பணம் நின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா? குறை சொன்னால் பலவீனமானவள் என்று முத்திரை குத்திவிடுவார்களா? எங்கள் ஹவில்தார், நாங்கள் எல்லாரும் இதைப் போட்டுத்தானே வந்தோம் என்கிறார்.'

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். 22 வருடம் படைப்பிரிவுகளில் மருத்துவராக இருந்தவள் நான். நீங்கள் பக்கம் பக்கமாகக் கவச உடையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். என் கண் நின்றது, நடுவில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன இடுப்பு வலியில். அதனால் நீங்கள் கேட்ட வரிசையை மாற்றிப் பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த இடுப்பு வலி

சுமையோடு நடந்தால் வலி, ஓய்வெடுத்தால் குறைகிறது, இடம் தொடை சேரும் உள்பக்கம், இரண்டு மாதமாக இருக்கிறது. ராணுவத்தில் இருக்கும் ஒருவர் இப்படிச் சொன்னால் எந்த மருத்துவரும் முதலில் சந்தேகிக்க வேண்டியது, தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் மயிரிழை போன்ற விரிசல். திரும்பத் திரும்பச் சுமை ஏறி, எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ள அவகாசம் கிடைக்காமல் போவதால் வருவது இது. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் சில வாரம் ஊன்றுகோல், சில மாதம் ஓய்வு என்று பெரும்பாலும் சரியாகிவிடும். கவனிக்காமல் நடந்துகொண்டே இருந்தால் விரிசல் முழு முறிவாகி, எலும்பின் தலைப்பகுதிக்குப் போகும் ரத்த ஓட்டமே கெட்டுப்போகலாம். அப்புறம் அறுவை சிகிச்சை. சிலருக்குப் படை வாழ்க்கையே அதோடு முடிந்துபோகும்.

தசைப்பிடிப்பாகவும் இருக்கலாம். ஆனால் அதை நீங்களோ நானோ கடிதத்தில் தீர்மானிக்க முடியாது. இந்த வாரமே உங்கள் மருத்துவப் பிரிவுக்குப் போய், கடிதத்தில் எழுதியதை அப்படியே சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுத்து 'ஒன்றுமில்லை' என்று அனுப்பினால் அதோடு திரும்பி வராதீர்கள். இந்த விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். எம்ஆர்ஐ ஸ்கேனில்தான் தெரியும். வலி இருக்கிறதா என்று ஒற்றைக்காலில் குதித்துப் பார்க்கும் வேலை வேண்டாம். பார்த்து முடியும்வரை ஓட்டமும் சுமை நடையும் வேண்டாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், தவறாக நினைக்காதீர்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? கடும் பயிற்சிக்கு ஏற்றபடி சாப்பாடு போதாமல் போகும்போது மாதவிலக்கு தள்ளிப்போகும் அல்லது நின்றுவிடும், எலும்பும் வலுவிழக்கும். 'பயிற்சியில் இருக்கும் பெண்களுக்கு அப்படித்தான்' என்று தோழிகள் சொல்லியிருப்பார்கள். அதைச் சாதாரணம் என்று எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். உயரம் குறைந்தவர்கள் உயரமான ஆண்களின் எட்டுக்கு எட்டு வைத்து அணிவகுத்து நடப்பதும் பெண்களின் இடுப்பு எலும்பில் விரிசல் வர ஒரு காரணம். எத்தனை நல்ல பூட்ஸ் வாங்கினாலும் இந்த இரண்டும் சரியாகாது.

சரி, இப்போது பூட்ஸ்

சொந்தக் காசு செலவழிக்கத் தகுதியானது எது என்று கேட்டால் என் பதில் பாதம். பூட்ஸ் சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 ஃபாக்லாந்து போரே சாட்சி. பிரிட்டிஷ் படை கொடுத்த பூட்ஸ் அந்த ஈர நிலத்தில் தண்ணீரை உள்ளே விட்டது. நாட்கணக்கில் நனைந்த பாதங்கள் மரத்துப்போய், வெளுத்து, வீங்கிப் பல வீரர்கள் படுத்துவிட்டார்கள். சொந்தமாக வாங்கிய மலையேற்ற பூட்ஸ் போட்டுவந்தவர்கள் இருந்தார்கள். பிடிபட்ட அர்ஜென்டினா வீரர்களின் பூட்ஸைக் கழற்றிப் போட்டுக்கொண்டவர்களும் இருந்தார்கள். போருக்குப் பிறகுதான் அந்தப் படைக்குப் புது பூட்ஸ் வந்தது. அதனால் 'படை கொடுத்ததே போதும்' என்று உங்களிடம் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல எனக்கு மனம் வராது.

உங்கள் குதிகால் ஏன் நழுவுகிறது என்பதற்குக் காரணம் எளிது. பெண்களின் பாதம் ஆண்களின் பாதத்தின் சின்ன அளவு கிடையாது. முன்பாதத்தோடு ஒப்பிட்டால் குதிகால் ஒடுக்கமாக இருக்கும். ஆண்கள் அச்சில் செய்த சின்ன பூட்ஸ் முன்னால் பொருந்தினால் பின்னால் தளரும். ஸ்டோரில் நீளத்தோடு அகல அளவும் தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். பல படைகளில் இருக்கிறது, யாரும் கேட்பதில்லை என்பதால் யாரும் எடுத்துத் தருவதில்லை. மாலையில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, நீங்கள் போடும் அதே சாக்ஸோடு, முதுகில் சுமையோடு நின்று அளவு பாருங்கள். காலையில் வெறுங்காலோடு அளந்தால் அந்த அளவு பத்தாவது கிலோமீட்டரில் பொய்யாகிவிடும்.

அப்புறம், கடைக்காரர் உங்கள் பாதத்தின் வளைவைப் பார்த்து 'உங்களுக்கு இந்த வகைதான்' என்று சொன்னால் அதற்காக அதிகப் பணம் கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் தரைப்படை, விமானப்படை, மரீன் படை மூன்றின் அடிப்படைப் பயிற்சியிலும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பாத வளைவுக்கு ஏற்ப ஓட்டக் காலணி கொடுத்தவர்களுக்கும் எல்லாருக்கும் ஒரே வகை கொடுத்தவர்களுக்கும் காயங்களில் பெரிய வித்தியாசம் இல்லை. எடை குறைவு என்பது மட்டும் கவனிக்க வேண்டிய விஷயம். காலில் ஏறும் ஒரு கிலோ, முதுகில் ஏறும் ஒரு கிலோவைப் போல நான்கு முதல் ஆறு மடங்கு வரை உழைப்பை வாங்கும்.

கொப்புளத்துக்கு முதல் மருந்து மிகவும் மலிவானது. மருத்துவமனையில் கட்டுப்போடப் பயன்படும் சாதாரண காகித டேப்பை, கொப்புளம் வரும் இடத்தில் காலையிலேயே ஒட்டிவிடுங்கள். 250 கிலோமீட்டர் பந்தயம் ஓடிய 128 பேரிடம் செய்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 சதவீதம் குறைந்தது. உள்ளே மெல்லிய சாக்ஸ், மேலே தடித்த சாக்ஸ் என்று இரண்டாகப் போடுங்கள். பூட்ஸின் மேல் துளைகளில் கயிற்றை வளையமாக்கிக் குதிகாலை இழுத்துப் பிடிக்கும்படி கட்டப் பழகுங்கள். இத்தனைக்கும் நழுவினால், உங்கள் படை அனுமதித்த பட்டியலில் உள்ள பூட்ஸ் ஒன்றைச் சொந்தமாக வாங்குங்கள். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஒரே நிபந்தனை: கிளம்புவதற்குக் கடைசி மூன்று வாரத்தில் புது பூட்ஸ் போடக் கூடாது.

கவச உடை

இங்கேதான் உங்கள் கையைப் பிடித்து நிறுத்துகிறேன்.

வாங்கும் முன் ஒரு சின்னச் சோதனை. நிலைக்கண்ணாடி முன் உடையைப் போட்டுக்கொண்டு நில்லுங்கள். கழுத்துக்கு அடியில் இரண்டு காறை எலும்புகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு குழி இருக்கும். ஆள்காட்டி விரலை அதில் வையுங்கள். தகட்டின் மேல் விளிம்பு அந்த விரலைத் தொட வேண்டும். அகலம் ஒரு மார்க்காம்பிலிருந்து மறு மார்க்காம்பு வரை மறைக்க வேண்டும். கீழ் விளிம்பு தொப்புளுக்கு இரண்டு மூன்று விரல்கடை மேலேயே முடிந்துவிட வேண்டும். தகடு காப்பது இதயத்தையும் பெரிய ரத்தக் குழாய்களையும் நுரையீரலையும்தான். வயிற்றை மறைக்கிறேன் என்று பலர் அதைத் தாழ்த்திப் போடுகிறார்கள்; அப்போது உட்கார்ந்தால் தொடையில் இடிக்கும், மேலே இதயத்தின் பாதி வெளியே நிற்கும். நான் பார்த்தவர்களில் இந்தத் தவறு செய்யாத புதியவர்கள் குறைவு.

சரியான உயரத்தில் தூக்கிப் போட்ட பிறகும் இடித்தால், உங்களிடம் இருப்பது உங்கள் அளவுத் தகடு கிடையாது. அமெரிக்கப் படையின் தகடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மீடியம் 9.5 அங்குல அகலம், 12.5 அங்குல உயரம். எக்ஸ்ட்ரா ஸ்மால் 7.25 அங்குல அகலம், 11.5 அங்குல உயரம். உயரத்தில் வித்தியாசம் ஒரு அங்குலம்தான், ஆனால் உங்கள் உடம்புக்கு அந்த ஒரு அங்குலம்தான் தொடைக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. பல இடங்களில் சின்ன அளவு கிடங்கில் இருந்தும், கைக்குக் கிடைத்த மீடியத்தை எல்லாருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். பெண்களுக்கென்றே வெட்டித் தைத்த உடை ஒரு காலத்தில் கனவு. 2012-இல் அமெரிக்கத் தரைப்படை அப்படி ஒன்றைத் தன் வீராங்கனைகளிடம் சோதித்து, 2013-இல் கொடுக்கத் தொடங்கியது. தோள் ஒடுக்கம், நீளம் குறைவு, மார்புப் பகுதியில் வளைவு. 'எனக்குப் பொருந்தவில்லை' என்று பெண்கள் விடாமல் சொன்னதால் வந்த உடை அது.

இனி அந்த 'லெவல் 4, பாதி எடை' உடை. நிலைகளின் பெயர்களை அமெரிக்க நீதித்துறையின் கீழ் உள்ள என்ஐஜே என்ற அமைப்பின் தர நிர்ணயத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். அதன்படி 3ஏ என்றால் கைத்துப்பாக்கிக் குண்டுக்கு மட்டும். 3 என்றால் சாதாரண ரைபிள் குண்டு. 4 என்றால் கவசத்தைத் துளைக்கச் செய்யப்பட்ட .30-06 ரைபிள் குண்டு. 2023 கடைசியில் வந்த புதுத் தரத்தில் பெயர்களே மாறிவிட்டன. கடைக்காரர் ஸ்டிக்கர் ஒட்டுவதாலேயே ஒரு தகடு லெவல் 4 ஆகிவிடாது. சான்று பெற்ற பட்டியலில் அந்த மாடல் எண் இருக்க வேண்டும்.

எடை விஷயத்தில் இயற்பியலை ஏமாற்ற முடியாது. அந்த அளவு தாங்கும் பீங்கான் தகடு ஒன்று சுமார் இரண்டரை முதல் மூன்றரை கிலோ வரை இருக்கும். பாதி எடை என்றால் பெரும்பாலும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் தகடு. அது ஈயக் குண்டை நன்றாகத் தடுக்கும். நுனியில் எஃகு வைத்த குண்டு, சாதாரண ரைபிளில் போடுவதுகூட, அதன் வழியாகப் போய்விடலாம். இன்னும் ஒரு விஷயம். சில தகடுகள் பின்னால் மென்கவசம் (துணிபோல் மடங்கும் இழைக் கவசம்) இருந்தால்தான் சொன்ன அளவுக்குத் தாங்கும். தனியாகப் போட்டால் தாங்காது. அதை விற்பவர் சொல்ல மாட்டார்.

நல்ல பெயரோடு விற்ற பொருளே கைவிட்ட கதையும் உண்டு. ஸைலான் என்ற இழையில் செய்த மென்கவச உடைகளை அமெரிக்கக் காவல்துறையினர் மெல்லியது, லேசானது என்று விரும்பிப் போட்டார்கள். 2003-இல் ஒரு காவலரின் உடையைக் குண்டு துளைத்தது. ஆராய்ந்தபோது, வெப்பமும் ஈரமும் பட்டால் அந்த இழை வலுவிழக்கிறது என்று தெரிந்தது. 2005-இல் என்ஐஜே அதைச் சான்றிலிருந்தே நீக்கியது. புதிதாக இருந்தபோது அது சோதனையில் தேறிய உடைதான். வியர்வையில் மாதக்கணக்கில் ஊறிய பிறகு என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. பீங்கான் தகடு கீழே விழுந்தால் வெளியே தெரியாமல் உள்ளே விரிசல் விடும். அதனால்தான் படைகள் தங்கள் தகடுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கின்றன. நீங்கள் வாங்கும் தகட்டை யார் எக்ஸ்ரே எடுப்பார்கள்?

சொந்த உடையின் துணி பற்றியும் ஒரு வார்த்தை. ராணுவத் துணி, இரவில் பார்க்கும் கருவியில் சூழலோடு கலந்து தெரியும்படி சாயமேற்றப்பட்டது. கடையில் வாங்கும் நைலான் அதே பச்சையாகப் பகலில் தெரிந்தாலும், அந்தக் கருவியில் வெளிச்சமாகத் தெரியக்கூடும். உங்களோடு படுத்திருப்பவர்களையும் அது காட்டிக்கொடுக்கும்.

படைகள் இந்த விஷயத்தில் தடுமாறியதும் உண்மைதான். 2003-இல் ஈராக்கில், பற்றாக்குறையால் தன் கவச உடையை இன்னொருவருக்குத் திருப்பிக் கொடுத்த பிரிட்டிஷ் டாங்க் தளபதி ஒருவர் சில நாளில் சுடப்பட்டு இறந்தார். அமெரிக்க வீரர்களின் குடும்பங்கள் அப்போது சொந்தக் காசில் உடை வாங்கி அனுப்பின. அதனால் 2004-இல் அங்கே ஒரு சட்டமே வந்தது, ஒரு பொருளுக்கு 1,100 டாலர் வரை படை திருப்பித் தர வேண்டும் என்று. இரண்டே வருடத்தில், 2006 மார்ச்சில், அமெரிக்கத் தரைப்படை தனியாரிடம் வாங்கிய கவச உடைக்கு முழுத் தடை போட்டது. என் பார்வையில் இரண்டு முடிவுமே அந்தந்த நேரத்துக்குச் சரி. ஒன்றுமே கிடைக்காதபோது கிடைத்ததைப் போட்டார்கள். சோதித்த உடை எல்லாருக்கும் வந்த பிறகு சோதிக்காததைக் கழற்றச் சொன்னார்கள். நீங்கள் இரண்டாவது நிலையில் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தேவை வேறு உடை கிடையாது, அதே உடை உங்கள் அளவில்.

ஹெல்மெட்டுக்கும் அப்படித்தான். உள்ளே இருக்கும் பஞ்சுகளைக் கழற்றி இடம் மாற்றி ஒட்டிப் பாருங்கள். ஓட்டில் துளை போடாதீர்கள், திருகாணியை மாற்றாதீர்கள். கொண்டை பின்னால் இடித்தால் பிரச்சினை ஹெல்மெட்டில் இல்லை, கொண்டையை வற்புறுத்தும் விதியில் இருக்கிறது. அமெரிக்கத் தரைப்படை 2021-இல் பெண்கள் பின்னல், குதிரைவால் போட அனுமதித்தது. ஹெல்மெட் பொருந்தாததும் அதற்கு ஒரு காரணம். உங்கள் பிரிவில் களத்திலாவது தாழ்வான பின்னலுக்கு அனுமதி கேளுங்கள். அதற்குக் காசு வேண்டாம்.

பனியனும் டூர்னிகேயும்

அந்த இறுக்கமான பனியன்களை வாங்க வேண்டாம். எரிந்த துணி தோலில் என்ன செய்யும் என்று நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். பருத்தி எரிந்தால் கருகிச் சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் சுமார் 250 டிகிரியில் உருகிப் பாகாகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு பையனின் தோளிலிருந்து அதை நாங்கள் இடுக்கியால் இழை இழையாக உரித்து எடுத்தோம். துணியோடு தோலும் வந்தது. 2006-இல் ஈராக்கில் மரீன் படைத் தளபதிகள், முகாமுக்கு வெளியே போகும்போது இந்த வகைத் துணிகளைத் தடை செய்தது இதற்காகத்தான். உங்களுக்குக் கூடுதலாகச் சொல்ல வேண்டியது, ஸ்போர்ட்ஸ் பிரா. ஆண் அதிகாரிகள் யாரும் உங்களிடம் பேசாத விஷயம் இது. பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் பிராக்கள் முழுக்க பாலியஸ்டரும் நைலானும். இதைப் படை கொடுப்பதும் அரிது, ஆகவே உங்கள் காசு போக வேண்டிய இடம் இது. பருத்தி அதிகமுள்ளதாக, கம்பியோ உலோகக் கொக்கியோ இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். தகட்டின் அடியில் கம்பி நாள் முழுக்க விலா எலும்பை அழுத்தும்.

டூர்னிகே பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். ஒரு பயிற்சி வகுப்பில் ஒரு பையன் தான் மலிவாக வாங்கியதைப் பெருமையோடு கொண்டுவந்தான். நிறம், எழுத்து, பொட்டலம் எல்லாம் அசல் மாதிரியே. அவன் தொடையில் கட்டி முறுக்கச் சொன்னேன். மூன்றாவது சுற்றில் பிளாஸ்டிக் கம்பி வில்லாக வளைந்தது, காலில் நாடித்துடிப்பு அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. தொடையின் பெரிய ரத்தக் குழாய் அறுந்தால் சில நிமிடத்தில் உயிர் போய்விடும். வளைகிற கம்பியை வைத்துக்கொண்டு அந்த நிமிடங்களில் ஒன்றும் செய்ய முடியாது. பிரபலமான டூர்னிகேக்களுக்குப் போலிகள் உலகம் முழுக்க உலாவுகின்றன. மூன்று சேர்த்து மலிவு விலை என்றாலே எனக்குச் சந்தேகம். உங்களுக்குக் கூடுதலாக வேண்டுமென்றால் மருத்துவப் பிரிவில் கேளுங்கள். உங்கள் பிரிவில் எல்லாரும் எந்த இடத்தில் மாட்டுகிறார்களோ அதே இடத்தில் மாட்டுங்கள். உங்களுக்குக் கட்டப்போவது இன்னொருவர் கை. அது இருட்டில் தடவித் தேட வேண்டும்.

வீட்டுக்கு வரும் பணம்

சொந்த உடை போட்டாலே பணம் நின்றுவிடும் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. பணியில் இருந்தபோது நேர்ந்ததா, வேண்டுமென்றே செய்த ஒழுங்குமீறலால் நேர்ந்ததா என்பதைத்தான் பெரும்பாலான படைகளின் விதிகள் கேட்கும். சொந்த சாக்ஸுக்காகவும் இன்சோலுக்காகவும் யாரும் உங்கள் குடும்பத்துக்கு வரும் பணத்தை நிறுத்தப்போவதில்லை. ஆனால் 'படை கொடுத்த கவசத்தைத் தவிர வேறு அணியக் கூடாது' என்று எழுத்தில் உத்தரவு இருந்து, அதை மீறி அணிந்திருந்தால், அது ராணுவச் சட்டப்படி கட்டளை மீறல். விசாரணையில் அந்தக் கேள்வி வரும், உங்கள் சார்பில் பதில் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள். உங்கள் பிரிவின் சட்ட அதிகாரியிடம் இதை எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். படை கொடுத்த பொருளை வெட்டுவது, தைத்து மாற்றுவது எதுவும் செய்யாதீர்கள். அதற்குக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறது.

குறை சொன்னால் முத்திரை குத்துவார்களா?

சிலர் குத்துவார்கள். இல்லை என்று சொன்னால் பொய் சொன்னவளாவேன். ஆனால் 'உடை பிடிக்கவில்லை' என்று சொல்வது வேறு, 'குப்புறப் படுத்தால் இலக்கைப் பார்க்க முடியவில்லை' என்று சொல்வது வேறு. இரண்டாவது, சுட முடியாத ஒரு வீரரைப் பற்றிய தகவல். எந்தத் தளபதிக்கும் அது தேவை. தேதி, உடையின் அளவு, தகட்டின் அளவு, உங்கள் உடல் அளவு, எந்த நிலையில் என்ன மறைகிறது, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். குப்புறப் படுத்திருக்கும் ஒரு புகைப்படம், படை விதி அனுமதித்தால், சேர்த்துக் கொடுங்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். பிரிவில் வேறு பெண்கள் இருந்தால் அவர்களையும் எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் ஹவில்தார் சொன்னதில் கோபப்பட வேண்டாம். அவர் உண்மையிலேயே அதைப் போட்டுத்தான் வந்தார். அவர் உடம்புக்கு அது பொருந்தியது. ஒருநாள் உங்கள் உடையை அவர் முன்னாலேயே போட்டுப் படுத்துக் காட்டுங்கள். பேச்சைவிட அது வேகமாக வேலை செய்யும்.

நீங்கள் சத்தமில்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டால், கணக்கில் அந்த உடை 'பொருந்தியது, புகார் இல்லை' என்றுதான் நிற்கும். உங்களுக்குப் பின்னால் வரும் ஐந்தடிப் பெண்ணுக்கும் அதே மீடியம் தகடுதான் கிடைக்கும், அவளிடம் சேமிப்பு இருக்காது. படை கொடுப்பதெல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க வீரர்களுக்கு வருடக்கணக்கில் கொடுத்த இரட்டை முனைக் காதடைப்பான், நீளம் போதாமல் காதுக்குள் தளர்ந்துவிடுகிறது என்று லட்சக்கணக்கானோர் வழக்குப் போட்டார்கள். 2023-இல் அதைத் தயாரித்த நிறுவனம், தவறை ஒப்புக்கொள்ளாமலே, சுமார் 600 கோடி டாலர் வரை கொடுக்கச் சம்மதித்தது. அவர்களில் எத்தனையோ பேர் காது இரைச்சலோடு வாழ்கிறார்கள். காது இரைகிறது என்று அன்றே மருத்துவப் பிரிவில் பதிவு செய்தவர்கள் கையில் அதற்கான காகிதம் இருந்தது.

இப்போது வேலைகள். நாளைக் காலை மருத்துவப் பிரிவு. போகும்போது, ஓட்டத்துக்கும் சுமை நடைக்கும் விலக்குச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதே நாளில் ஸ்டோரில் சின்னத் தகட்டுக்கும் பூட்ஸ் அகலத்துக்கும் எழுதிக் கொடுங்கள். அந்த உறவினரிடம் 'இப்போதைக்கு வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள். ஸ்கேன் முடிவு எதுவாக வந்தாலும் எனக்கு எழுதுங்கள். விரிசல் என்று வந்தால் பத்து வாரத்தில் கிளம்ப முடியாமல் போகலாம். அப்போது மனசு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதைப் பற்றித் தனியாகப் பேசுவோம். ஒன்றுமில்லை என்று வந்தால், பூட்ஸ் எதை வாங்கலாம் என்று உங்கள் படையின் பட்டியலை அனுப்புங்கள், சேர்ந்தே பார்க்கலாம்.